மலை வீட்டு அறைக்கு அடர் ஆலிவ் பச்சை: கேள்வி பதில்

கேள்வி (ஊட்டி): அண்ணா, படுக்கையறை 10-க்கு 12 அடி, உயரம் 9 அடி. நாலு சுவரும் அடர் ஆலிவ் பச்சை அடிச்சா இருட்டிடுமா? எத்தனை லிட்டர் வேணும்?

பதில்: ஜன்னல் எந்தப் பக்கம்னு பாருங்க தம்பி. தெற்கு, மேற்கு வெளிச்சம் வந்தா நாலு சுவரும் தாராளமா அடிக்கலாம். வடக்கு ஜன்னல் மட்டும்தான்னா, மூடுபனி நாள்ல இந்தப் பச்சை கருஞ்சாம்பலா மாறிடும். கட்டில் தலைமாட்டுச் சுவரோட நிறுத்திக்குங்க.

சுற்றளவு 44 அடி, உயரம் 9, ஆக 396 சதுர அடி. கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 350. லிட்டருக்கு ஒரு கோட்டு 120 சதுர அடின்னு வைங்க. 3 கோட்டுக்கு 9 லிட்டர் போகும், 10 வாங்குங்க. எல்லா டின்னையும் ஒரே நாள்ல கலக்கச் சொல்லி, வீட்டுல பெரிய பக்கெட்டுல ஒண்ணாக் கொட்டிக் கலக்கிட்டு ஆரம்பிங்க. டின்னுக்கு டின் சாயல் மாறினா பச்சையில உடனே தெரியும்.

கேள்வி (கோத்தகிரி): வெளிர் நிறம் ரெண்டு கோட்டுல மூடிடுதே சார், இதுக்கு ஏன் மூணு?

பதில்: வெளிர் பெயிண்டுல டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், அடிச்சுவரை மறைக்கிறது அதுதான். அடர் நிறத்துக்கான பேஸ்ல, அதாவது சாயம் கலக்கிறதுக்கு முன்னாடி டின்ல இருக்கிற பெயிண்டுல, அது ரொம்பக் குறைவு. முதல் கோட்டு திட்டுத்திட்டா நிக்கும். பயந்து அரைகுறையா காஞ்ச இடத்துல மறுபடி உருட்டாதீங்க, தோல் கிளம்பிடும். பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமரையே நடுத்தரச் சாம்பலாக் கலந்து வாங்கினா நல்லா மூடும்.

கேள்வி (குன்னூர்): பழைய சுண்ணாம்புச் சுவர், வெளியே மண் மேடு. போன வருஷம் அடிச்ச பச்சை தரையிலிருந்து 2 அடி வரை வெள்ளை பூத்து உரியுது. மேல அடிச்சிடலாமா?

பதில்: இப்போ வேண்டவே வேண்டாம்க்கா. அது உப்பு. மண்ணிலிருந்து சுவருக்குள்ள ஏறுற ஈரம் உப்பைக் கரைச்சுக் கொண்டுவருது. தண்ணி ஆவியாகிற இடத்துல உப்பு மட்டும் தங்கி, பெயிண்டைத் தள்ளுது. வெள்ளைச் சுவர்ல கண்ணுக்குப் படாது, அடர் பச்சையில பளிச்சுனு தெரியும்.

முதல்ல வெளி மண்ணை உள்தரைக்கு அரை அடி கீழ வரை வெட்டி எடுத்து, தண்ணி ஓட வழி பண்ணுங்க. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால தட்டி அள்ளுங்க. ஈரத்துணி போட்டா கரைஞ்சு திரும்ப உள்ளே போகும். சிமென்ட் பட்டி வைக்காதீங்க. ஈரம் வெளியேற வழியில்லாம பட்டியே பாளம் பாளமாப் பிளந்து வரும். சுண்ணாம்புக் கலவைதான் பூசணும்.

பிறகு ஒரு சோதனை. 2 அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு 2 நாள் ஒட்டி வைங்க. தாளோட சுவர்ப்பக்கம் நீர் முத்து நின்னா சுவர் இன்னும் காயலை. அறைப்பக்கம் நின்னா அது அறைக்காத்தோட ஈரம். குன்னூருக்கு வடகிழக்கு மழையும் உண்டு, அதனால பிப்ரவரி, மார்ச்சுல பார்க்கிறதுதான் சரி. அப்பவும் கீழ் 3 அடிக்கு வெளிர் சுண்ணாம்பே இருக்கட்டும், அதுக்கு மேல ஆலிவ் அடிங்க. பழைய வீட்டுக்கு அது பொருத்தமாவும் இருக்கும், உப்பு வந்தா கீழ் பாகத்தை மட்டும் திரும்ப அடிச்சுக்கலாம்.

கேள்வி (கொடைக்கானல்): அடிச்ச மறுநாளே சுவர்ல பிசுபிசுன்னு பழுப்புக் கோடு வழியுது. பெயிண்ட் போலியா?

பதில்: போலின்னு சொல்லிட முடியாது. அடர் நிறத்துல சாயக் கரைசல் அதிகம் சேருது. குளிர்லயும் ஈரத்துலயும் மெதுவா காயறப்போ அதுல இருக்கிற சோப்பு மாதிரிப் பொருள் மேல வந்து வழியும். நல்லாக் காஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணியில மெல்லிய துணியை நனைச்சுத் துடைங்க. திரும்ப ஒரு தரம் வரலாம், அதையும் துடைச்சா போச்சு. இனிமே காலை 10-லிருந்து மதியம் 2-க்குள்ள முடிச்சு, மஞ்சு இறங்குறதுக்கு முன்னாடி ஜன்னலைச் சாத்துங்க. 10 டிகிரிக்குக் கீழ அடிக்காதீங்க. கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு ராத்திரி இடைவெளி விடுங்க.

கேள்வி (வெலிங்டன்): லைட்டும் சாமானும் எப்படி இருக்கணும்?

பதில்: 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. போடுங்க. 6500 கெல்வின் வெள்ளை ட்யூப்ல ஆலிவ்ல இருக்கிற மஞ்சள் செத்துப்போய் பாசி மாதிரி ஆயிடும். ஈட்டி மரச் சாமான் இருட்டோட இருட்டாக் கலந்துடும். சில்வர் ஓக் நல்லா எடுத்துக் காட்டும். தோடர் எம்பிராய்டரித் துணி ஒண்ணு மாட்டுங்க, வெள்ளையில சிவப்பும் கறுப்புமா அந்த நூல் வேலைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது. பீரோவை மட்டும் சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளி வைங்க. காத்து போகலைன்னா பின்னால பூஞ்சை பிடிக்கும்.