மோட்டார் புகைந்தது ஏன்?

கேள்வி: ரிமோட்டில் பறக்கும் என் பயிற்சி மாதிரி விமானத்துக்கு இறக்கை 140 செ.மீ.; பேட்டரியோடு எடை 1 கிலோ. கையில் இருந்த 2200 கே.வி. மோட்டாரில் 10 அங்குல ப்ராப் (சுழல்விசிறி) மாட்டி, 3 செல் லிப்போ பேட்டரியில் முடுக்கினேன். அரை நிமிடத்தில் புகை. கே.வி. கூடினால் சக்தியும் கூடும்தானே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கூடாது. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கே.வி. உங்களுடையது 11.1 வோல்ட்டில் 24,000 சுற்றை எட்டப் பார்க்கும். ப்ராப்போ, வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு சக்தி கேட்கும். மோட்டார் திணறியது, கரண்ட் எகிறியது, சுருளின் வார்னிஷ் எரிந்தது. இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்: செம்புக் கம்பி கறுத்திருந்தால் அந்த மோட்டாரை மறந்துவிடுங்கள். அதோடு ஓடிய, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யையும் சோதிக்காமல் பறக்கவிட வேண்டாம்.

கணக்கை எடையிலிருந்து தொடங்குங்கள். பயிற்சி விமானத்துக்கு கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். 200 என்றே வைப்போம். முழு முடுக்கத்தில் 3 செல் பேட்டரி 10.8 வோல்ட் அளவுக்கு இறங்கும், ஆக 18.5 ஆம்பியர். இ.எஸ்.சி. 30 ஆம்பியர். பேட்டரி 2200 எம்.ஏ.எச். (அதாவது 2.2 ஆம்பியர்-மணி), 25 சி, அதாவது அந்த 2.2-ஐப் போல் 25 மடங்கு ஆம்பியர். லேபிளை நம்பினால் 55 ஆம்பியர் தரும், பாதி தந்தாலும் தாங்கும். மோட்டார் கிராமுக்கு 3 வாட் என்பது பழகிய கணக்கு: 70 கிராம், 1000 கே.வி. மோட்டார் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். சிலர் உள்ளே சுருள் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரின் அளவைப் போடுகிறார்கள், சிலர் வெளிக்கூட்டின் அளவை. எடை ஏமாற்றாது.

ப்ராப் 9x6-இல் (விட்டம் 9 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம் 6 அங்குலம்) தொடங்கி, போதாவிட்டால் 10x5. எழுத்து பொறித்த பக்கம் முன்னே பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று பின்னுக்குத்தான் போகும், ஆனால் விமானத்தை முன்னே இழுக்கும் விசை வெகுவாகக் குறையும்.

பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டர் கட்டாயம். விமானத்தைக் கட்டிவைத்து, ப்ராப்புக்குப் பின்னால் நின்று, முழுதாக முடுக்கி 10 விநாடி அளவெடுங்கள். 24 ஆம்பியரைத் தாண்டினால் ப்ராப்பை ஓர் அங்குலம் குறையுங்கள். பறந்து இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரல் வைக்க முடியாவிட்டால் அப்போதும் குறையுங்கள்.

கேள்வி: வேகம் வேண்டி இதிலேயே 4 செல் போடலாமா?

பதில்: அதே ப்ராப்போடு வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வோல்ட் ஏறினால் கரண்ட் ஏறத்தாழ 1.8 மடங்காகும்: 18.5 என்பது 33 ஆகி, இ.எஸ்.சி.யை மிஞ்சும். ப்ராப்பைச் சிறிதாக்கினாலும், ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) குறைந்த வோல்ட்டில் மின்சாரம் தரும் பி.இ.சி.யைக் கவனிக்க வேண்டும். லீனியர் வகையாக இருந்தால் மிச்ச வோல்ட்டை வெப்பமாகவே கொட்டும். நான்கு சர்வோ இழுக்கும்போது அது சூடேறி நின்றால் ரிசீவரும் அணையும். பிறகு ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் விமானம் கேட்காது.