சும்மா கிடைக்கும் பிளேயர் பியானோவை வீட்டுக்குள் விடலாமா?

கே: பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்கிறார். அவரிடம் 1920களில் வாங்கிய பிளேயர் பியானோ இருக்கிறது, காகிதச் சுருளை மாட்டி மிதித்தால் தானாக வாசிக்குமே, அது. "சும்மாவே எடுத்துக்கொள்" என்கிறார். இப்போது மிதித்தால் புஸ்ஸென்று காற்று போகிறதே தவிர ஒரு கட்டைகூட அசையவில்லை. உள்ளே எலி குடியிருந்த மாதிரியும் தெரிகிறது. என் கணவருக்கு மரவேலை நன்றாக வரும். சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகி, ஒஹாயோ

ப: முடியும். ஆனால் தூக்கி வருவதற்கு முன்னால் டார்ச் லைட்டோடு போய்ப் பாருங்கள். இந்த ரகம் 350 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், வேண்டாம் என்று பிறகு முடிவு செய்தால் அப்புறப்படுத்தவும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் தானாக வாசிக்கும் பகுதியைத்தான் குடைவார்கள். அதை விடுங்கள், பியானோவைப் பாருங்கள். மேல் மூடியைத் திறந்தால் 200க்கும் மேற்பட்ட கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகள் தெரியும். அவை இறங்கியிருக்கும் பலகை வெடித்து ஆணிகள் தளர்ந்திருந்தால் சுருதி நிற்காது. ட்யூனர் ஒருவருக்குக் காசு கொடுத்து இதை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம், பாட்டிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பியானோ தேறிவிட்டதா, சரி, இனி உங்கள் கணவருக்கு வேலை. நம் ஆர்மோனியம் காற்றைத் தள்ளும், இது உறிஞ்சும். நீங்கள் மிதிக்க மிதிக்க உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. சுருள் காகிதத்தின் ஓட்டை, அது உரசிக்கொண்டு ஓடும் பித்தளைப் பட்டையின் ஓட்டைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று உள்ளே நுழைந்து ஒரு மெல்லிய தோலைத் தூக்க, அது வால்வைத் திறக்க, அந்தக் கட்டைக்குரிய குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கிச் சுத்தியலை அடிக்க வைக்கிறது. இப்படி 88 துருத்திகள். அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூசிய துணி இத்தனை வருஷத்தில் அப்பளமாக நொறுங்கியிருக்கும், புஸ் சத்தத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள், போட்டோ எடுங்கள். இதற்கென்றே விற்கும் மெல்லிய துணியைத்தான் வாங்க வேண்டும், ரெக்ஸின், கூடாரத் துணி எல்லாம் உதவாது. ஒட்டுவதற்கு வஜ்ரம், அதாவது தச்சர்கள் அந்தக் காலத்தில் காய்ச்சிப் பூசிய அதே மிருகப் பசை. வெள்ளைப் பசையோ சிலிக்கானோ போட்டால் அடுத்த முறை பிரிக்கிறவர் மரத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். காய்ந்ததும் துருத்தியை அமுக்கி மூடி, அதன் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு விரிக்கப் பாருங்கள். விரியாமல் அடம்பிடித்தால் நல்லது, தானாக விரிந்தால் எங்கோ கசிகிறது. வால்வும் தோலும் கூட இதே கதைதான். பாதி புதிது பாதி பழையது என்று விட்டால் மறுபடியும் பிரிக்க வேண்டிவரும்.

எலிப் புழுக்கையை நனைத்துத் துடைத்தெடுங்கள், காய்ந்தபடி கூட்டவே கூடாது. சில மாடல்களில் ஈயக் குழாய் இருக்கும். அதன் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் ஊதிப் பார்க்காதீர்கள், அது நஞ்சு. முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

வெளியே கொடுத்துச் செய்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், விற்றால் அந்தக் காசு திரும்பாது. அதனால்தான் கேட்கிறேன், உங்கள் கணவருக்கு இது நிஜமாகவே பிடிக்குமா?

கே: பாட்டியின் சுருள்கள் ஓரம் கிழிந்திருக்கின்றன. புதிது கிடைக்குமா?

ப: கிடைக்கும். 1908ல் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு 9 ஓட்டை என்று ஒரே அளவுக்கு வந்தார்கள், அதனால் எந்தக் கம்பெனி 88 கட்டைச் சுருளும் உங்கள் பியானோவில் ஓடும். கிழிசலில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

கே: மிதிக்கக் கால் வலிக்கும். மோட்டார் வைக்கலாமா?

ப: உறிஞ்சும் மோட்டார் பெட்டி கிடைக்கிறது. ஆனால் முதலில் காலால் ஓட்டிப் பாருங்கள். கசிவு இருந்தால் காலுக்குத் தெரிந்துவிடும், மோட்டார் அதை மூடி மறைத்துவிடும். தவிர, இந்த இடத்தில் மெதுவாக, அந்த இடத்தில் ஓங்கி என்று பாட்டுக்கு ஏற்றபடி மிதிப்பதில்தான் வாசிக்கிறவரின் பங்கே இருக்கிறது.