போர்டில் சப்ளை நாய்ஸ்: கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே அமைக்கும் சிப்) போர்டில் ஒவ்வொரு பவர் பின்னுக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டும் 1 வோல்ட் லைன் ஆடுகிறது. இன்னும் நாலு சேர்க்கவா?

பதில்: சேர்ப்பது இருக்கட்டும் தம்பி, இருப்பதை எப்படி இணைத்திருக்கிறாய்? பேட் (பாகத்தை சால்டர் செய்யும் இடம்), டிராக், வியா (லேயர்களை இணைக்கும் துளை) எல்லாம் சேர்ந்து 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் வந்துவிட்டாலே அந்த 100 நானோ சுமார் 16 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கெப்பாசிட்டராக இருக்கும், அதைத் தாண்டினால் அது வெறும் இண்டக்டர், நீ மதிப்பை எவ்வளவு மாற்றினாலும் அங்கே கதை மாறாது. வியாவை பேடை ஒட்டி வை, பவர் லேயரையும் கிரவுண்ட் லேயரையும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு அடுத்தடுத்து வை. அப்புறம் ஒரு கணக்குப் போடு: 5 சதவீதம்தான் ஆடலாம் என்றால் 50 மில்லிவோல்ட், கரண்ட் சட்டென்று 2 ஆம்பியர் ஏறினால் சப்ளையின் இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) 25 மில்லிஓமைத் தாண்டக் கூடாது. எந்த அலைவரிசை வரைக்கும் அது வேண்டும் என்று பார்த்துவிட்டு கெப்பாசிட்டர் எண்ணிக்கையை முடிவு செய்.

கேள்வி: 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், மீட்டரில் சரியாகக் காட்டுகிறது. 5 வோல்ட் லைனில் போட்டால் போதவில்லையே சார்?

பதில்: மீட்டர் டிசி வோல்டேஜ் இல்லாமல் அளக்கிறது. 6.3 வோல்ட் ரேட்டிங் உள்ள சின்ன சைஸ் எக்ஸ்5ஆர் (ஒரு செராமிக் வகை) என்றால் 5 வோல்ட்டில் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் காணாமல் போகலாம். டேட்டாஷீட்டில் டிசி பயஸ் கிராஃப் (டிசி வோல்டேஜ் ஏற ஏற மதிப்பு எவ்வளவு குறைகிறது என்பது) பாருங்கள்.

கேள்வி: பிஎல்எல் (கிளாக் உருவாக்கும் சர்க்யூட்) சப்ளையில் ஃபெரைட் பீட் (உயர் அலைவரிசை நாய்ஸைத் தடுக்கும் பாகம்) போட்ட பிறகு ஜிட்டர் (கிளாக் நேரம் முன்னே பின்னே ஆடுவது) கூடிவிட்டது!

பதில்: கூடும். குறைந்த அலைவரிசையில் பீட் ஒரு இண்டக்டர்தான், பின்னால் இருக்கும் செராமிக்கோடு சேர்ந்து ரிங் ஆகிறது, அந்த இடத்தில் நாய்ஸ் குறையாமல் பெருகிப் போகிறது. செராமிக்குக்கு இணையாக அதைவிடப் பல மடங்கு பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை, ஓரிரு ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்துப் போடுங்கள், அடங்கிவிடும். பீடைக் கண்ட இடத்தில் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

கேள்வி: ஸ்கோப்பில் 200 மில்லிவோல்ட் ஸ்பைக். நிஜமா?

பதில்: புரோபின் முனையையும் முதலைக் கிளிப்பையும் போர்டில் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஸ்பைக் வந்தால் கிளிப்பின் நீள வயர் ஆன்டெனாவாகப் பிடிப்பதுதான். கிளிப்பைக் கழற்றிவிட்டு கிரவுண்ட் ஸ்பிரிங் (புரோப் முனையை ஒட்டி மாட்டும் குட்டிக் கம்பி) மாட்டி, கெப்பாசிட்டர் மேலேயே அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: அனலாக் கிரவுண்டைத் தனியாக வெட்டலாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். வெட்டின இடத்துக்கு மேலே ஒரு வேகமான சிக்னல் போனால் அதன் ரிட்டர்ன் கரண்ட் சுற்றிக்கொண்டு வரும், நாய்ஸ்தான் கூடும். அனலாக், டிஜிட்டல் பாகங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், கிரவுண்ட் பிளேனை (கிரவுண்ட் லேயரை) முழுசாக விடுங்கள்.