டவர் டெல்லியுடையதா, சென்னையுடையதா?

கேள்வி: ராதாபுரம் வட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். என் சம்மதமே இல்லாமல் 400 கிலோவோல்ட் டவர் ஒன்றை நட்டு, தாத்தா காலத்துப் பனைகளையும் ஆறு தென்னைகளையும் வெட்டினார்கள். இரண்டேகால் வருஷம் ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் 'இது சென்ட்ரல் லைன்' என்கிறார்கள். டெல்லிக்கு எழுதினால் 'நிலம் மாநில விஷயம்' என்று பதில். அளக்க வந்தவர் மரியாதையில்லாமல் பேசினார். பக்கத்துத் தோட்டத்துக்கு அதிகம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த செக்கை வாங்கவில்லை. டவரை எடுக்கச் சொல்லி யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: அளக்க வந்தவர் பேசியதை விட்டுவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் கோர்ட் பார்க்கப்போவது 'இரண்டேகால் வருஷம்' என்ற ஒன்றைத்தான்.

இரண்டு ஆபீஸும் சொன்னது பொய்யில்லை. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, நிலம் மாநிலப் பட்டியலில். மாநிலங்களுக்கு இடையிலான மின்கோட்டுக்கு 2003 மின்சாரச் சட்டப்படி மத்திய அரசு பொறுப்பு, மற்றவற்றுக்கு மாநில அரசு. கூடங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் கோடு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை, ஆனாலும் அது மத்திய அரசு நிறுவனத்தின் கோடு என்பதால் மத்தியக் கணக்குதான். எந்த அரசாக இருந்தாலும் மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவில் அந்தக் கோட்டுக்கு ஆணை போட்டிருந்தால், தந்திக் கம்பம் நடுவதற்கு 1885 தந்திச் சட்டம் தந்த அதிகாரம் மின்கோடு போடும் நிறுவனத்துக்கும் வந்துவிடும். அதன்பின் உங்கள் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. அரசிதழில் அந்த ஆணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால், டவரை எடுக்கச் சொல்லி முன்சீப் கோர்ட்டுக்குப் போவது வீண் செலவு.

மிஞ்சுவது நஷ்டஈடு. அதற்கு டெல்லியா சென்னையா என்ற கேள்வியே கிடையாது: தந்திச் சட்டம் 16(3)-ன்படி மாவட்ட நீதிபதியிடம் மனு. கெடு மூன்று வருஷம். 1976-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம் இது.

என்னிடம் வந்தவர்கள் வழுக்கி விழுந்ததெல்லாம் இங்கேதான். பணகுடி பக்கத்து முருங்கைக்காரர் ஒருவர் மஞ்சள் பை நிறைய ஒப்புகை அட்டைகளோடு வந்தார். குறைதீர்க்கும் நாள் மனு, முதல்வர் தனிப்பிரிவு, டெல்லி அமைச்சகம், எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார். மரம் வெட்டி மூன்று வருஷம் இரண்டு மாதம். ஒவ்வொரு பதிலும் அடுத்த ஆபீஸைக் காட்டியது, இவரும் நடந்துகொண்டே இருந்தார். மனு கொடுத்துக்கொண்டிருந்தால் கெடு காத்திருக்காது, அண்ணாச்சி.

இன்னொரு பள்ளம் அந்தச் செக்கில் இருக்கிறது. வாங்காமல் விட்டதால் உங்கள் உரிமை கூடிவிடவில்லை, பணம்தான் சும்மா கிடக்கிறது. வாங்குங்கள். ஆனால் வவுச்சரில் 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தால் அதன்மேல் கையெழுத்துப் போடாதீர்கள். 'ஆட்சேபணையுடன்' என்று உங்கள் கைப்பட எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் இல்லாமல் வந்தவர்களுக்காக நான் வாதாடியிருக்கிறேன், அது பெரும்பாடு.

டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழ் உள்ள பாதைக்கு 30 சதவீதம் என்று மத்திய மின்துறை 2024 ஜூனில் சொன்னதை யாராவது உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அது வழிகாட்டுதல்தான். ஏற்பதை மாநிலங்களிடமே விட்டிருக்கிறார்கள், உங்கள் மரம் வெட்டிய தேதியும் இடிக்கலாம். அதை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நிலம் இருக்கும் இடம், கம்பி போகும் தூரம், விளைச்சல் இவற்றைப் பார்த்துத்தான் தொகை என்பது 2007 தீர்ப்பு. அதற்கு அடங்கலும் (கிராமக் கணக்கில் உள்ள பயிர் விவரம்) மரங்களின் போட்டோவும் வேண்டும்.

வெளிப்படையாகச் சொன்னால், ஒரு டவர், இரண்டு ஏக்கர், ஆறு தென்னைக்கு வருஷக்கணக்கில் வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது. நிறுவனம் தொகையைக் கொஞ்சம் உயர்த்த முன்வந்தால் பேசி முடித்துவிடுங்கள். ஆனால் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காமல், இந்த மாதமே பாளையங்கோட்டையில் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு அப்புறம் பேச உட்காருங்கள்.