முகடா, தொய்வா? பழைய தட்டை மாண்டலின்: கேள்வி - பதில்

போன இதழில் கிதார் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என்னிடம் கிதார் கிடையாது, மூன்று பழைய தட்டை மாண்டலின்கள்தான் இருக்கின்றன" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் அமெரிக்காவிலிருந்து. நியாயம்தான், இந்த வாத்தியங்கள் பழையதாகக் கிடைப்பது அங்கேதான். நானும் பென்சில்வேனியாவில் பெத்லஹேம் என்ற ஊரில் 12 வருஷம் குப்பை கொட்டியபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

தட்டை மாண்டலின் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு: இத்தாலிய மாண்டலினுக்கு முதுகு, பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆர்வில் கிப்ஸன் 1898-ல் காப்புரிமை வாங்கிய வகையில், வயலினைப் போல மேல்பலகையையும் முதுகையும் மேடாகச் செதுக்கியிருப்பார்கள். தட்டை மாண்டலினில் இரண்டு வேலையும் இல்லை, கிதாரைப் போல வெறும் பலகைதான். தந்தி நான்கு ஜோடி, சுருதி வயலின் சுருதி.

கேள்வி: டல்லாஸில் ஒரு பழைய சாமான் கடையில் மார்ட்டின் 'ஏ' வகை மாண்டலின் பார்த்தேன், 1920-களில் செய்தது என்கிறார்கள். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை) இருக்கும் இடத்தில் மேல்பலகை மடங்கினாற்போல இருக்கிறது. "அது அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (ஆர்.வி., டல்லாஸ்)

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் பணம் நிற்கிறது.

மார்ட்டின் கம்பெனி இருப்பது பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில். (நம்ம தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்லை. முதல் தடவை பெயர்ப் பலகையைப் பார்த்தபோது காரை ஓரம் கட்டி போட்டோ எடுத்துக்கொண்டேன்.) அவர்கள் 1914-லிருந்து தட்டை முதுகு மாண்டலின் செய்தார்கள். அதன் மேல்பலகையை வேண்டுமென்றே பிரிட்ஜ் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடாக மடித்திருப்பார்கள். எட்டுத் தந்திகளும் பிரிட்ஜை அழுத்துகிற அழுத்தத்தைப் பலகை தாங்குவதற்காக. ஓட்டு வீட்டுக்கு முகடு மாதிரி.

பலகை களைத்துப்போய் உள்ளே இறங்குவது வேறு. அது கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்கிற மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள். பிரிட்ஜுக்கு இணையாக, அதற்கும் ஒலித் துளைக்கும் நடுவில், பலகையின் மேல் ஸ்கேலை விளிம்பில் நிற்க வையுங்கள். தந்தி இடைஞ்சலாக இருந்தால் அடியில் செருகுங்கள். எதிர்ப்பக்கம் போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். முகடு என்றால் ஸ்கேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிட்டத்தட்டப் படிந்து உட்காரும். நடுவில் வெளிச்சம் பிறைபோலத் தெரிந்தால் தொய்வு. ஒரு மயிரிழை வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம், நூறு வயதாகிறது. தீக்குச்சி நுழைகிற அளவு என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் விரல் முட்டியால் பலகையை அங்கங்கே லேசாகத் தட்டுங்கள். 'டொக்' என்று வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சலசலத்தால் உள்ளே பலகையைத் தாங்கும் சட்டம் வஜ்ஜிரம் (பழைய காலத்துப் பசை) விட்டிருக்கிறது. அது பெரிய நோய் இல்லை, விலையைக் குறைக்க நல்ல சாக்கு.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததே ஒன்றைக் கெடுத்த பிறகுதான். 2009-ல் பெத்லஹேமில் ஒரு பாட்டி வீட்டைக் காலி செய்த விற்பனையில் ஒரு மார்ட்டின் 'ஏ' எனக்கு 280 டாலருக்குக் கிடைத்தது. மஹோகனி முதுகு, ஸ்ப்ரூஸ் மேல்பலகை, முகடு கத்தி வைத்தாற்போல நேராக இருந்தது. இன்னும் சத்தம் வேண்டும் என்ற பேராசையில், வீட்டில் கிடந்த மீடியம் தந்தி செட்டை (லைட் செட்டைவிடத் தடிமன்) மாட்டினேன். லைட் செட் எட்டுத் தந்தியும் சேர்ந்து சுமார் 150 பவுண்டு இழுக்கும், மீடியம் 170-ஐத் தொடும். இருபது பவுண்டுதானே என்று தோன்றும். அந்தக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடு காய்ந்து கிடந்தது. பிப்ரவரியில் தந்தி ஒவ்வொன்றாக மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளில்) உரச ஆரம்பித்தது. ஒரு ராத்திரி, யாரும் தொடாமலே, பெட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். சட்டம் விட்டுவிட்டது. ரிப்பேர்காரர் 190 டாலர் வாங்கினார். வாத்தியத்தைத் திருப்பித் தரும்போது, நான் மாட்டிய தந்திகளைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு, அதையும் சேர்த்துக் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: 'ஆர்மி-நேவி' என்று லேபிள் ஒட்டிய கிப்ஸன் தட்டை மாண்டலின் ஒன்று விலைக்கு வருகிறது. ராணுவத்துக்காகச் செய்தது என்பது நிஜமா? அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (எம்.கே., எடிசன், நியூஜெர்ஸி)

பதில்: நிஜம்தான். முதல் உலகப் போரை ஒட்டி, 1918 வாக்கில், முகாம் கடைகளில் சிப்பாய்களுக்கு விற்பதற்காக மிச்சிகனில் கலமஸூ தொழிற்சாலையில் கிப்ஸன் செய்த மலிவு மாடல். செதுக்கும் கூலியை மிச்சம் பிடித்து, தட்டைப் பலகையில், வட்டமான உடம்போடு செய்தார்கள். நல்ல அப்பளம் மாதிரி இருக்கும்.

இதே அச்சில் பிற்காலத்திலும் வந்திருக்கின்றன. மான்டானாவில் போஸ்மன் ஊரில் ஃப்ளாட்அயர்ன் என்ற கம்பெனி இந்த அப்பள வடிவத்தில் அருமையான மாண்டலின்கள் செய்துகொண்டிருந்தது. 1987-ல் கிப்ஸன் அதை வாங்கியது. பிறகு ஆர்மி-நேவி என்ற பெயரே திரும்ப வந்தது. ஆகவே பெயரைப் பார்த்து மட்டும் பழசு என்று முடிவு கட்டாதீர்கள். தலைப்பகுதியைப் பாருங்கள். தந்திகள் ஏறுகிற இடத்துக்கு மேலே, திருகு வைத்த ஒரு சின்ன மூடி இருந்தால் உள்ளே ட்ரஸ் ராட், அதாவது கழுத்தின் வளைவை முடுக்கிச் சரிசெய்யும் கம்பி, இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கம்பி கிப்ஸனில் வந்ததே 1920-களின் தொடக்கத்தில்தான். போர்க்கால வாத்தியத்தில் இருக்காது.

அதே காரணத்தால் அசலாக இருந்தால் இன்னொரு கவலை. கழுத்து வளைந்திருந்தால் முடுக்கிச் சரிசெய்ய வழியில்லை. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி ஃபிரெட் பலகையைப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் வாசிக்க ஃப்ளாட்அயர்ன்தான் வாங்குவேன். சரித்திரம் வேண்டுமென்றால் 1918. இரண்டையும் ஒரே விலை சொன்னால் கடைக்காரருக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கேள்வி: என் மகள் வீணை கற்கிறாள். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மாதிரி வாசிக்க ஆசைப்படுகிறாள். தட்டை மாண்டலின் வாங்கித் தரலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். ஜோடித் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்தியாக்கி, ஐந்தாவதாக ஒன்றும் சேர்த்துக்கொண்டார். தட்டை மாண்டலினில் கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால் ஜோடியில் ஒன்று முன்னே போகும், ஒன்று பின்தங்கும். நீண்ட காந்தாரம் பிடிக்கப் பார்த்தால் குழந்தை அழுதுவிடுவாள். அவளுக்கு வேண்டியது வேறு வாத்தியம்.

கேள்வி: எஃப்-5 மாண்டலின் வாங்க வசதியில்லை. தட்டையில் அந்தச் சத்தம் வருமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: வராது. எஃப்-5 என்பது கிப்ஸனின் செதுக்கிய வகை மாண்டலின், மேளம் மாதிரி அடிக்கும். அமெரிக்க ப்ளூகிராஸ் மாண்டலின்காரர் பில் மன்றோ கையில் 1923-ல் செய்த எஃப்-5 வெட்டி வெட்டித் தாளம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள், அந்த வெட்டு தட்டையில் கிடையாது. இதில் நாதம் கொஞ்ச நேரம் நின்று கரையும். அயர்லாந்து மெட்டுகள் வாசிக்கிறவர்கள் இதை விரும்புவது அதனால்தான். தனியாக, ராத்திரி பத்து மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க இதைவிட நல்லது எதுவும் இல்லை.

கேள்வி: மாமா ஜூனில் அமெரிக்காவிலிருந்து வருகிறார், ஒன்று வாங்கி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சென்னை உப்புக் காற்றுக்கு மரம் தாங்குமா? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: தாங்கும். மரத்துக்கு உங்கள் ஈரத்தைவிட அவர்கள் ஊர் ஹீட்டர்தான் எமன். சென்னையில் பலகை கொஞ்சம் உப்பி, பிரிட்ஜ் உயர்ந்து, தந்தி விரலுக்கு எட்டாமல் நிற்கும். பிரிட்ஜின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் ஒரு சுற்று தேய்த்தால் இறங்கிவிடும். நிஜமான ஆபத்து கார். பழைய வாத்தியங்களில் ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மதியம் போதும்.

மாமாவிடம் சொல்லுங்கள்: தந்தியை ஒரு சுரம் இறக்கினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கழற்றினால் கீழே விழுந்து, அது இருந்த இடமே தெரியாமல் போய்விடும். அப்படியே போனாலும் பயப்பட வேண்டாம், தந்தி தொடங்கும் இடத்திலிருந்து 12-வது ஃபிரெட் எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பிரிட்ஜ் ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

ரோஸ்வுட் முதுகு உள்ளதை மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள். மார்ட்டின் 'பி' போன்ற பழையவற்றில் அது பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். 1992-லிருந்து உலக அளவில் கட்டுப்பாடு உள்ள மரம், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்யலாம். மஹோகனிக்கு இந்த வம்பு இல்லை.

இன்னொன்று. இங்கே ஏதாவது விட்டுப்போனால் தெருமுனைத் தச்சரிடம் கொடுத்து ஃபெவிகால் வைத்து ஒட்டாதீர்கள். வஜ்ஜிரம் சூடு காட்டினால் பிரியும், அடுத்தவர் திறந்து சரிசெய்யலாம். ஃபெவிகால் வைத்த இடத்தில் மரம் பிய்ந்துதான் வரும்.

கேள்வி: அப்பாவின் மாண்டலினை விற்க வேண்டும். மார்ட்டின் என்று தலையில் இருக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிதாக்கி விற்றால் நல்ல விலை வருமா? (டொராண்டோ வாசகி)

பதில்: போட்டால் பாதி விலை போச்சு. பழைய மெருகு, அதில் உங்கள் அப்பாவின் முழங்கை தேய்த்த இடம் உட்பட, அப்படியே இருக்கட்டும். லேசாக ஈரம் காட்டிய துணியால் தூசியைத் துடையுங்கள், அவ்வளவுதான். சுருதி சேர்க்கும் பித்தளைச் சாவிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

உள்ளே ஒரு எண் இருக்கும். அதை மார்ட்டின் கிதார் பட்டியலில் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் தவறான வருஷம் சொல்கிறார்கள். மாண்டலினுக்குத் தனி வரிசை, அந்தப் பட்டியலில் பாருங்கள்.

விலைக்கு, பிறர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். மேல்பலகை தொய்யாத மஹோகனி மார்ட்டின் 'ஏ' சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் பக்கம் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் நேரடியாக விற்றால் அதில் பாதி, கொஞ்சம் மேலே. அவர்களும் வாடகை கொடுக்க வேண்டுமே. போட்டோ எடுக்கும்போது முன்னும் பின்னும் மட்டும் போதாது. ஜன்னல் ஓரம் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி மேல்பலகையை ஒன்று எடுங்கள். விரிசல் இருந்தால் அதைக் கிட்டத்தில் ஒன்று. விவரம் தெரிந்தவர் அந்தப் படத்தைத்தான் தேடுவார். காணோமென்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

வால்பக்கத்து உலோக மூடியைப் பெட்டிக்குள் தேடிப் பாருங்கள், முதலில் தொலைவது அதுதான். தனியாக வாங்கப் போனால் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: மூன்றில் ஒன்றை எனக்குக் கொடுப்பீர்களா? (கே., பொள்ளாச்சி)

பதில்: மார்ட்டின் கிடையாது. ஃப்ளாட்அயர்ன் கிடையாது. மிட்-மிசூரி ஒன்று இருக்கிறது, பின்னால் பிக் மட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டார்களே, அந்தப் பட்டறையில் செய்தது. அதை வேண்டுமானால் பேசலாம். ஏழாவது ஃபிரெட்டில் கட்டைத் தந்தி லேசாக உரசும். சாவிப் பொத்தான்களில் ஒன்று மாற்றியது, மற்றவை மஞ்சளாக இருக்க அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். முதுகில் பெல்ட் பக்கிள் கீறிய கோடு இரண்டு, நான் போட்டவை. மேல்பலகை நேராக இருக்கிறது, ஸ்கேலை நீங்களே கொண்டுவாருங்கள். கோவைக்கு எந்த நாளும் வரலாம், ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்றைக்கு என் பேத்தி அதில்தான் பழகுவாள். அவள் எதிரில் விலை பேச முடியாது.