கண் மருத்துவர் ஜான் டான்டன் குடியேற்றக் குறைப்பு இயக்கத்துக்கு வந்தது எப்படி?

அமெரிக்காவில் குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் இயக்கத்தை ஒரு கண் மருத்துவர் கட்டியெழுப்பியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

டான்டன் தொடங்கிய இடம் இயற்கைப் பாதுகாப்பு. மிச்சிகன் மாநிலத்தின் பெட்டாஸ்கி என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே ‘சியரா கிளப்’ என்ற சூழலியல் அமைப்பில் உழைத்தார். மக்கள்தொகை பெருகினால் மண்ணும் நீரும் தாங்காது என்ற கவலை, 1975இல் அவரை, மக்கள்தொகைப் பெருக்கத்தை நிறுத்தக் கோரும் ‘ஜீரோ பாப்புலேஷன் குரோத்’ அமைப்பின் தலைவராக்கியது. நாட்டில் பிறப்பு விகிதம் இறங்கிவிட்டதால் அவர் பார்வை குடியேற்றத்தின் பக்கம் திரும்பியது. கூட இருந்தவர்கள் தயங்கவே, 1979இல் குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் ‘ஃபேர்’ (FAIR) அமைப்பைத் தொடங்கினார்.

இதுவரை வாதம் எண்ணிக்கை பற்றியது. அதை மறுக்கலாம், ஏற்கலாம். ஆனால் 1986இல் நெருங்கிய வட்டத்துக்கு அவர் எழுதிய குறிப்பு வேறு ரகம். லத்தீன் அமெரிக்கர்கள் லஞ்சப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவருவார்களா என்று கேட்டது அது. 1988இல் அது வெளியே கசிந்ததும், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க அவர் உருவாக்கியிருந்த ‘யு.எஸ். இங்கிலீஷ்’ அமைப்பின் தலைவர் லிண்டா சாவேஸ் பதவி விலகினார். செய்தியாளர் வால்டர் குரோன்கைட்டும் ஆலோசனைக் குழுவிலிருந்து வெளியேறினார். ஒரு மனிதரை அவர் பிறந்த மண்ணை வைத்தே சந்தேகிக்கும் அந்தக் கேள்வியை என்னால் சூழலியல் அக்கறையாகப் பார்க்க முடியவில்லை. டான்டன் 2019இல் காலமானார். ஃபேர் இன்றும் வாஷிங்டனில் இயங்குகிறது.