கணினி கேள்வி–பதில்: பழைய பதிப்புக்குத் திருத்தம் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவியர் சங்கத்தின் இணையத்தளம், தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் 4.9.3ஆம் பதிப்பில் ஓடுகிறது. செய்திகளைத் தட்டச்சு செய்து போடும் ஓய்வுபெற்ற ரீச்சருக்குப் பழைய எழுதுபக்கம்தான் பழக்கம் என்பதால் புதிய பதிப்புக்குப் போகவில்லை. அண்மையில், தளத்தைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பனி, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 8ஆம் பதிப்புக்கு மாற்றியது. அன்றிலிருந்து புலமைப்பரிசில் விண்ணப்பப் பக்கம் வெறும் வெள்ளையாக வருகிறது. வேர்ட்பிரஸ்காரர்களிடம் 4.9க்கு ஒரு திருத்தம் கேட்டு எழுதினேன். 'திருத்த மாட்டோம்' என்று குறித்து என் கோரிக்கையை மூடிவிட்டார்கள். இது நியாயமா? தளம் தானாகவே அப்டேட் ஆகும் என்றுதானே எங்களுக்குச் சொன்னார்கள்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வெள்ளைப் பக்கத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 4.9.3.

2018 பெப்ரவரி 5ஆம் திகதி வந்த அந்தப் பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. தானாக அப்டேட் ஆகும் வசதியையே அது முடக்கிவிட்டது. மறுநாளே 4.9.4ஐ வெளியிட்டார்கள். ஆனால் 4.9.3க்கு ஏற்கனவே போய்விட்ட தளங்களால் அதைத் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது உள்ளே போய் 'அப்டேட் நவ்' பொத்தானை அழுத்தவேண்டும். உங்கள் தளத்தில் யாரும் அழுத்தவில்லை. 4.9 வரிசைக்கு அதன் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் உங்களிடம் வந்து சேரவில்லை. புலமைப்பரிசில் விண்ணப்பம் என்றால் பிள்ளைகளின் பெயர், விலாசம், பெற்றோரின் வருமானம் எல்லாம் அதில் இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. இன்றே ஒரு பேக்கப் எடுங்கள். செய்திகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸும், படங்கள் முதலியவை இருக்கும் 'டபிள்யூபி-கொன்டென்ட்' ஃபோல்டரும் இரண்டும் வேண்டும்.

இனி வெள்ளைப் பக்கம். ஹோஸ்டிங் கணக்கில், பிழைகளைப் பதிந்துவைக்கும் 'எரர் லொக்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற கட்டளை இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். பிஎச்பி 7.2இலேயே வேண்டாமென்று எச்சரித்து, 8.0இல் அடியோடு எடுத்துவிட்ட கட்டளை அது. அதே வரியில் கோப்பின் பாதையும் இருக்கும். பாதையில் 'பிளகின்ஸ்' என்று இருந்தால் பிழை விண்ணப்பப் படிவத்துக்காகப் போட்டிருக்கும் பிளகினில், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணைநிரலில். அதை எழுதியவர் வேறு ஆள். வேர்ட்பிரஸ்காரர்கள் மனம் வைத்தாலும் அதில் கை வைக்க முடியாது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைத் தளம் இப்படித்தான் நின்றுபோனது. அந்த ஒரு வரியையும் பிளகினின் பதிப்பு எண்ணையும் பிளகின்காரருக்கு அனுப்பினோம். அடுத்த பதிப்பிலேயே திருத்திவிட்டதாகப் பதில் வந்தது. அதை ஏற்றியதும் கடைத்தளம் திறந்தது.

நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம் என்றுதான் சொல்வேன். வேர்ட்பிரஸ் திட்டம் முழுமையாகப் பொறுப்பேற்பது ஆகப் புதிய பதிப்புக்கு மட்டும். பழைய வரிசைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவது அவர்கள் கடமையென்று ஏற்றதல்ல, இயன்றவரை செய்து தருவது. அதற்கும் எல்லை உண்டு. 3.7 முதல் 4.0 வரையான வரிசைகளை 2022 டிசெம்பரிலும், 4.1 முதல் 4.6 வரை 2025 ஜூலையிலும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் ஒவ்வொரு பழைய வரிசையிலும் தனித்தனியாகப் பொருத்தி, தனித்தனியாகச் சோதிக்கவேண்டும். அதைச் செய்பவர்களில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள். அதோடு 4.9 வந்த 2017 நவம்பரில் பிஎச்பி 8 என்ற ஒன்றே இல்லை. பிறகு வந்ததற்கு ஏற்றமாதிரி 4.9ஐ மாற்றுவதென்றால் அது திருத்தமல்ல, புது வேலை.

அதற்காகக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்கிற முறை இருக்கிறது. மடிக்கணினியிலேயே தளத்தை ஓட்டிப் பார்க்க உதவும் எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு, உங்கள் தளத்தின் பிரதி ஒன்றை அதில் நிறுவுங்கள். எல்லாப் பிளகின்களையும் நிறுத்தி, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமையும் வேர்ட்பிரஸோடு வருவதற்கு மாற்றிப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் அது பிளகினிலோ பழைய தீமிலோதான். அப்போதும் வருகிறதா? பிறகு அதே பிரதியை ஆகப் புதிய பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் உங்கள் கையில் இருப்பது பெறுமதியான தகவல். 4.9 என்ற பேச்சையே எடுக்காமல், புதிய பதிப்பில் இன்ன பிஎச்பியில் இன்னதைச் செய்தால் இன்னது நடக்கிறது என்று லொக் வரியோடு எழுதுங்கள். அப்படி எழுதியதைப் பார்க்காமல் மூடமாட்டார்கள். புதிய பதிப்பில் பிழை வரவில்லை என்றால், ஏற்கனவே திருத்தியாயிற்று என்று பொருள். அதைத் திரும்பக் கேட்பதில் பலனில்லை. பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் மட்டும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதவேண்டாம். பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக அறிவியுங்கள். பழைய பதிப்பென்றாலும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ரீச்சரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. 2018 டிசெம்பரில் 5.0 வந்தபோது எழுதுபக்கம் தலைகீழாக மாறியது உண்மை. அதே நேரத்தில் 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினை வேர்ட்பிரஸ் குழுவே தந்தது. புதிய பதிப்பில் அதைப் போட்டால் ரீச்சருக்குப் பழகிய அதே பக்கம் திறக்கும். இலவசம். இவ்வளவு வருடமாக அவருக்காக ஒரு தளத்தையே பழைய பதிப்பில் வைத்திருந்த உங்கள் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த அக்கறையோடே இப்போது புதியதுக்கு மாறலாம். முதலில் பிரதியில் ஏற்றி, ரீச்சரை உட்காரவைத்து ஒரு செய்தியைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். சரி வந்த பிறகு உண்மையான தளத்தில் செய்யுங்கள். அதுவரை விண்ணப்பப் பக்கத்தை எடுத்துவிட்டு, விண்ணப்பங்களைக் கடிதத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் தளம், வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவின் 3ஆம் வரிசையில் இருக்கிறது. திருத்தம் யாரிடம் கேட்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஜூம்லா திட்டத்திடம் கேட்டுப் பயனில்லை. 3ஆம் வரிசைக்கான ஆதரவு 2023 ஓகஸ்ட் 17ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. தளம் இன்னும் வளர்கிறதென்றால் முதலில் 3.10க்கு ஏறுங்கள். எந்தத் துணைநிரல்கள் 4ஆம் வரிசைக்கு ஒத்துவரும் என்று சோதித்துச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. ஒத்துவராதவற்றுக்கு மாற்றுத் தேடிய பிறகு மேலே போகலாம். நூற்பட்டியலும் பழைய நிகழ்ச்சிப் படங்களும் மட்டுமே இருக்கின்றன, இனி எதுவும் சேர்ப்பதில்லை என்றால் பக்கங்களை வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாகச் சேமித்துப் போட்டுவிட்டு ஜூம்லாவை நீக்கிவிடுங்கள். அப்புறம் திருத்தம் கேட்கிற தேவையே வராது.